நீளமான விடை

என் வீட்டுக்காரரின் வலது கை போனதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் இயந்திரத்தைத் திட்டுகிறார்கள். திட்டட்டும். இரும்புக்கு என்ன காதா இருக்கிறது? அது பாவம், சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தது. என் வீட்டுக்காரரும் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தார். சொல்லிக்கொடுத்தவள் நான்.

ரொட்டித் தொழிற்சாலையில் அவர் மாவு உருளையில் வேலை பார்த்தார். நான் மாடியில் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். பாடம் வடிவமைப்பது என் தொழில். அப்படி என்றால் என்ன என்று என் நாத்தனார் பத்து வருஷமாகக் கேட்கிறாள், பத்து வருஷமாகச் சொல்கிறேன், "அதாவது டைப் அடிக்கிறே" என்றுதான் முடிக்கிறாள். ஓர் ஆள் ஒரு வேலையைச் செய்ய என்ன தெரிந்திருக்க வேண்டும், அதை எந்த வரிசையில் சொன்னால் மண்டையில் ஏறும், ஏறியதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, இதுதான் நான் பார்க்கிற வேலை. இதற்குப் படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறேன். முதலில் வேலையைப் பார், அப்புறம் பாடத்தை யோசி, கடைசியில் கருவியை எடு என்று முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். காலுக்குத்தான் செருப்பு. செருப்புக்காகக் காலை வெட்டுகிறவன் உலகத்தில் உண்டா என்று அன்றைக்குச் சிரித்தேன்.

உண்டு. எங்கள் மேலாளர். அவர் முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவரை நூறு என்று கூப்பிடுவோம். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும், "நூறு சதவீதம் எப்போ?" என்பார். மனைவியிடமும் அப்படித்தான் கேட்பாராக்கும். ஒருநாள் அவர் நானூறு டேப்லெட்டுகளை வாங்கிக் குவித்துவிட்டார். என்ன பாடம், யாருக்கு, எதற்கு என்று ஒருவரையும் கேட்கவில்லை. அட்டைப்பெட்டிகள் என் மேசைக்குப் பக்கத்தில் கூரை வரைக்கும் ஏறின.

"கருவி வந்தாச்சு. பாடத்தை எறக்குங்கம்மா" என்றார்.

டேப்லெட்டில் ஓடும் மென்பொருளைப் பார்த்துக்கொள்ள ஒரு தம்பியைப் போட்டார்கள். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதை மேசையெல்லாம் தேடுவான், அதனால் கண்ணாடி என்றே பெயராகிவிட்டது. கெட்டவன் இல்லை. பன்னிரண்டு நொடி ஆனதும் தானாக ஒளிரும் "அடுத்து" பொத்தான், சரியான விடைக்குக் கைதட்டல் சத்தம், தவறுக்குச் சிவப்பு, யார் முடித்தார்கள் யார் முடிக்கவில்லை என்று நிமிஷத்துக்கு நிமிஷம் காட்டும் பலகை, எல்லாம் அவன் கைவண்ணம். அந்தப் பலகையை நூறு தன் அறைச் சுவரில் பெரிய திரையில் மாட்டிக்கொண்டார். அவருக்கு அதுதான் தொழிற்சாலை. கீழே ரொட்டி வேகிறதா என்பதெல்லாம் அப்புறம்.

மாவு உருளைதான் எங்களிடம் இருப்பதிலேயே மோசமான இயந்திரம். இரண்டு எஃகு உருளைகளுக்கு நடுவில் மாவு நசுங்கித் தகடாக வரும். ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் ஒட்டிய மாவைச் சுரண்ட உள்ளே கை விட வேண்டும். அதற்கு முன்னால் சுவரிலுள்ள மின்பெட்டியின் நெம்புகோலை இறக்க வேண்டும். உன் பெயர் ஒட்டிய சிவப்புப் பூட்டை அதில் மாட்டி, சாவியை உன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கடைசியாக, இயந்திரத்தின் பச்சைப் பொத்தானை அமுக்கிப் பார்க்க வேண்டும். ஒன்றும் அசையவில்லை என்றால்தான் உள்ளே கை.

இரண்டு நாள் கீழே போய் நின்றேன். நோட்டும் பேனாவுமாக ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மற்ற எல்லா வரிசைகளிலும் ஒரே மின்பெட்டி. மூன்றாவதில் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு, ஒன்று உருளைக்கு, ஒன்று மாவு கொண்டுவரும் பெல்ட்டுக்கு. இரண்டும் ஒரே சாம்பல் நிறம். மேலே எழுதியிருந்ததை மாவு மூடியிருந்தது. மூன்றாவது வரிசைதான் என் வீட்டுக்காரர் நிற்கிற வரிசை.

மாடிக்கு வந்து பாடத்தை எழுதினேன். அரை நாள் பாடம். ஐந்து ஐந்து பேராக அவரவர் இயந்திரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும், அவரவர் பெட்டியைக் கண்டுபிடிக்க வேண்டும், அவரவர் பூட்டை மாட்டி, பச்சைப் பொத்தானை அமுக்கிக் காட்ட வேண்டும், ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். டேப்லெட்டுக்கு அதில் வேலையே இல்லை. கையால் செய்கிற வேலையைக் கையால்தான் கற்க முடியும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்?

நூறு அதைப் படித்தார். படித்தார் என்றால், பக்கத்தைப் புரட்டினார்.

"அரை நாள் மெஷினை நிறுத்தணுமா?"

"ஒரு தடவை சார். வருஷத்துக்கு ஒரு தடவை."

"அப்போ இந்த நானூறு டேப்லெட்டை என்ன செய்றது? தலைக்கு வெச்சுப் படுக்கறதா?"

கண்ணாடி சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தேன், மறைக்க என்ன இருக்கிறது. அன்றைக்கு நான் சண்டை போட்டிருக்க வேண்டும். "அப்போ இது பாடமே இல்ல சார், வெறும் கணக்கு" என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்த வருஷம் பதவி உயர்வு வர வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டு, அரை நாளைப் பதினெட்டுத் திரைகளாகவும் பத்துக் கேள்விகளாகவும் சுருக்கினேன்.

படம் வரைந்தது கண்ணாடி. ஒரு சுவர், ஒரு பெட்டி, ஒரு சிவப்புப் பூட்டு.

"மூணாவது வரிசையில ரெண்டு பெட்டி இருக்குப்பா" என்றேன்.

"ஒரு வரிசைக்காக தனிப் படமா? படம் சுத்தமா இருக்கட்டும்கா. ரெண்டு போட்டா கொழம்பிடுவாங்க."

குழம்ப வேண்டும் என்றுதானே சொன்னேன்! திரையில் குழம்பினால் என்ன குடி முழுகிப்போகும்? ஆனால் அன்று வெள்ளிக்கிழமை, சாயங்காலத்துக்குள் ஏற்ற வேண்டும். சரி போ என்று விட்டுவிட்டேன்.

கேள்விகளும் அதே அவசரத்தில் எழுதியவைதான். என் தொழிலில் ஒரு பால பாடம் உண்டு. சரியான விடையை மற்ற விடைகளைவிட நீளமாக எழுதாதே. தவறான விடையைச் சோம்பேறித்தனமாக இரண்டு வார்த்தையில் எழுதிவிடுவோம், சரியானதை மட்டும் யாரும் குற்றம் சொல்லிவிடாதபடி இழுத்து இழுத்து எழுதுவோம். பாடமே தெரியாதவன்கூட நீளத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவான். இதைப் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுக்கிறவளே நான்தான். எழுதி முடித்துப் பார்த்தால் பத்துக் கேள்வியில் பத்திலும் சரியான விடைதான் நீளம். பார்த்தேன். பார்த்துவிட்டு ஏற்றினேன்.

மூன்று வாரத்தில் பலகை தொண்ணூற்றொன்பதைத் தொட்டது. நூறு என் மேசைக்கே வந்தார்.

"நானூறு பேர்ல மூணு பேர்தாம்மா பாக்கி. ஒருத்தர் பிரசவ லீவு. ஒருத்தர் ஊர்ல இல்ல. இன்னொருத்தர் யாருன்னு பாத்தீங்களா?"

பார்த்தேன். என் வீட்டுக்காரர். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் தோற்றிருந்தார்.

அவருக்குப் படிப்பு மெதுவாகத்தான் வரும். எழுத்தைக் கூட்டிக் கூட்டி, உதடு அசைய அசையப் படிப்பார். இயந்திரத்துக்கு முன்னால் ஒரு தடவை காட்டினால் போதும், ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார். வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் பிரித்து மாட்டுகிறவர் அவர்தான். ஆனால் டேப்லெட்டில் வரியைப் படித்து முடிப்பதற்குள் "அடுத்து" பொத்தான் ஒளிரும், பதற்றத்தில் தட்டிவிடுவார். "பொண்டாட்டி வாத்தியார், புருஷன் ஃபெயிலு" என்று கீழே அவரைக் கேலி செய்தார்கள். என்னை மேலே கேலி செய்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து டேப்லெட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு நாலாவது கேள்வியிலேயே நின்றார்.

"இது என்ன கேக்குது? நீ கொஞ்சம் சொல்லிக்குடேன்."

சொல்லிக்கொடுத்திருக்கலாம். அரை மணி நேரம் ஆகியிருக்கும். மூன்றாவது வரிசையில் இரண்டு பெட்டி இருக்கிறது, எது உருளையோடது என்று தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் கை நிறையச் சோப்பு நுரை.

"எல்லாத்தையும் ஏன் படிக்கறீங்க? மூணு விடையில எது பெருசா இருக்கோ அதைத் தட்டுங்க."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

நாலு நிமிஷத்தில் முடித்தார். பத்துக்குப் பத்து. டேப்லெட் கைதட்டியது. சின்னப் பையன் மாதிரி அதைத் தூக்கி என் முகத்துக்கு முன்னால் ஆட்டினார். "பாரு, நான் மக்குன்னு நெனச்சியே" என்றார். "கெட்டிக்காரர்தான் போங்க" என்று ஈரக்கையால் அவர் கன்னத்தைத் தட்டினேன். இப்போது நினைத்தால் அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது. ஆனால் வெட்டுப்பட்டது என் கை இல்லை.

எனக்குப் பதவி உயர்வும் வந்தது, ஒரு கண்ணாடிக் கேடயமும் வந்தது. "நூறு சதவீதம்" என்று பொறித்திருந்தார்கள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. பகல் இரண்டு மணி, ஷிஃப்ட் முடிகிற நேரம். அவர் மாவைச் சுரண்டப் போனார். பழைய நாட்களில் இயந்திரத்தின் மின்செருகியையே பிடுங்கிவிட்டுச் சுரண்டுவார், அது அவர் பழக்கம். புதிய பாடம் வந்தபின் அப்படிச் செய்யக் கூடாது, பூட்டுதான் முறை என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அவரும் முறைப்படி நெம்புகோலை இறக்கி, தன் சிவப்புப் பூட்டை மாட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். பூட்டு தொங்கியது பெல்ட்டின் பெட்டியில். படத்தில் ஒரு பெட்டிதானே இருந்தது, அவரும் முதலில் கண்ணில் பட்ட பெட்டியில் மாட்டினார். உருளையை முன்னமே பொத்தானில் நிறுத்தியிருந்தார், இப்போது பெல்ட்டும் நின்றது. எல்லாம் நின்றுவிட்டது என்று நினைத்தார். பச்சைப் பொத்தானை அமுக்கிப் பார்க்கவில்லை. அது ஏழாவது கேள்வி. அதற்கு அவர் சரியான விடையைத் தட்டியிருந்தார், படிக்காமல்.

அந்தப் பக்கம் அடுத்த ஷிஃப்ட்டுக்கு வந்தவன், உள்ளே கை இருப்பது தெரியாமல் உருளையை ஓடவிட்டான்.

மாடிக்குச் சத்தம் கேட்டது. யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. யாரோ என்று நினைத்து எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மணிக்கட்டுக்கு மேலே நாலு விரற்கடை விட்டு எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த ஒருவர், "தலைக்கு வந்தது கையோட போச்சுன்னு நெனச்சுக்கம்மா" என்றார். நாத்தனார் சுவரில் சாய்ந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் பாடம் எழுதறே. என் கூடப் பொறந்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லித்தர முடியலையா உன்னால?" என்றாள். டைப் அடிக்கிறவள் என்று அன்றைக்கு அவள் சொல்லவில்லை. அவர் மயக்கம் தெளிந்ததும் முதலில் சொன்னது இதுதான்:

"நான் பூட்டு போட்டேன். சாவி என் பையில இருக்கு, வேணா பாரு."

பார்த்தேன். இருந்தது.

பத்தாம் நாள் தொழிற்பாதுகாப்பு ஆய்வாளர் வருவதாகச் சொன்னார்கள். முந்தின நாள் காலையில் நூறு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சுவரில் அந்தப் பலகை பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி ஒரு மூலையில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாருங்கம்மா, வீட்டு மனுஷியா நெனச்சுச் சொல்றேன். பயிற்சி சரியில்லைன்னு நீங்க சொன்னா, அந்தப் பயிற்சிக்குக் கீழ இருக்கற கையெழுத்து யாரோடது? என்னோடதா? ஒரே வீட்ல ரெண்டு பேரும் வெளிய நிக்கணும். பயிற்சி சரிதான், அவர்தான் பொத்தானை அமுக்கிப் பாக்கலைன்னா, அது மனுஷத் தவறு. மனுஷத் தவறுக்கு நாங்க மனுஷத்தனமா நடந்துக்குவோம். மறுபயிற்சி எடுத்துட்டு வரட்டும், கேட்ல உக்கார வெக்கறேன். ஒரு கை போதும் அதுக்கு."

"அவர் பூட்டு போட்டாரு சார்."

"தப்பான பெட்டியில."

"படத்துல ஒரு பெட்டிதான் சார் இருந்துச்சு."

"அதை வரையச் சொன்னது யாரு?" என்று கேட்டுவிட்டு என்னையே பார்த்தார். கண்ணாடி நிமிரவில்லை.

என் கணினியில் அந்த அரை நாள் பாடம் அப்படியே இருந்தது. தேதியோடு இருந்தது. மூன்றாவது வரிசையில் இரண்டு பெட்டி என்று தடித்த எழுத்தில் எழுதியிருந்தேன். அதை ஆய்வாளர் கையில் கொடுத்தால், என் வீட்டுக்காரர் மேல் தவறில்லை என்று ஆகியிருக்கும். தெரிந்தும் சொல்லிக்கொடுக்காதவள் நான் என்றும் ஆகியிருக்கும். வேலை போகும் என்று பயந்தேன் என்று நாத்தனாரிடம் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் நான் பயந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு. யாராவது தோண்டிக்கொண்டே போனால் நாலு நிமிஷத்தில் பத்துக்குப் பத்து எப்படி வந்தது என்று கேட்பார்கள். அவரிடம் கேட்பார்கள். அவருக்குப் பொய் சொல்ல வராது.

அந்தக் கோப்பை அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். கணினி "நிச்சயமாகவா?" என்று ஒரு தடவை கேட்டது. என்னை அப்படிக் கேட்டது அது ஒன்றுதான்.

மறுநாள் ஆய்வாளர், ஓர் அமைதியான அம்மாள், என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஒரு நிபுணரா சொல்லுங்க. இந்தப் பாடம் போதுமானதா?"

"போதுமானதுதான்" என்றேன்.

வேலி பயிரை மேய்வதைப் பற்றிப் பழமொழி இருக்கிறது. மேய்ந்துவிட்டு வேலி எப்படித் தூங்குகிறது என்பதற்குப் பழமொழி இல்லை. நன்றாகத் தூங்குகிறது.

மறுபயிற்சியை வடிவமைக்கிற வேலையும் எனக்குத்தான் வந்தது. நூறு சொன்னார், உண்மைச் சம்பவத்தை வைத்துப் பாடம் செய்தால் மனதில் பதியும் என்று. பதியும்தான். என் வீட்டுக்காரரின் பெயரை எடுத்துவிட்டு "ஓர் ஊழியர்" என்று போட்டோம். இந்த முறை எதிலும் அவசரப்படவில்லை. படத்தில் இரண்டு பெட்டி. "அடுத்து" பொத்தான் தானாக ஒளிராது, படிக்கிறவர் படித்து முடிக்கும் வரை காத்திருக்கும். கேள்விகளை ஒரு வாரம் செதுக்கினேன். ஒவ்வொரு கேள்வியிலும் மூன்று விடைகளும் எண்ணி நாலு நாலு வார்த்தைகள். யாரும் நீளத்தை வைத்து ஊகிக்க முடியாது. நான் எழுதியதிலேயே குறையில்லாத பாடம் அதுதான். நானூறு பேரும் அதை எழுத வேண்டும் என்று உத்தரவு. அவர் எழுதி, பத்துக்குப் பத்து வாங்கினால்தான் வாசல் வேலை. கடைசிக் கேள்விக்கு இரண்டே வாய்ப்பு.

ஒரு புதன்கிழமை மத்தியானம் பயிற்சி அறைக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, அதன் வலது கை நுனியை மடித்து ஊசி குத்தியிருந்தேன். டேப்லெட்டை மேசையில் படுக்க வைத்து, இடது கை ஆள்காட்டி விரலால் தட்டினார். விதிப்படி நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உதடு அசைய அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒன்பது கேள்விக்கும் அவரே யோசித்துச் சரியாகத் தட்டினார். பாருங்கள், பொத்தான் காத்திருந்தால் அவருக்குப் படிப்பு வருகிறது.

பத்தாவது கேள்வி: இந்த விபத்துக்குக் காரணம் என்ன?

இயந்திரத்தில் பாதுகாப்பு வசதி போதவில்லை.
ஊழியருக்குக் கொடுத்த பயிற்சி போதவில்லை.
ஊழியர் சரிபார்க்கும் படியைச் செய்யவில்லை.

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு இரண்டாவதைத் தட்டினார். திரை சிவந்தது. "தவறு. இன்னும் ஒரு வாய்ப்பு."

என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் முதலாவதன் மேல் போனது, நின்றது, மூன்றாவதன் மேல் போனது, நின்றது. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எல்லாம் ஒரே அளவா இருக்கே. இதுல பெருசு எது?"

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அதைப் பற்றி அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. ஆய்வாளரிடம் சொல்லவில்லை. தன் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

"மூணாவது" என்றேன்.

"ஊழியர்... சரிபார்க்கும்... படியைச்... செய்யவில்லை" என்று கூட்டிப் படித்தார். "ஊழியர்னா நான்தானே?"

"ஆமா."

"நான் பூட்டு போட்டேனேம்மா."

"தட்டுங்க. நேரமாகுது."

தட்டினார். திரை பச்சையானது. கைதட்டல் சத்தம் அறையெல்லாம் கேட்டது. அதை எடுத்துவிடச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன், மறந்துபோயிருந்தேன்.

"பாஸா?"

"பாஸ். பத்துக்குப் பத்து."

அவர் எழுந்து நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளினார். "அப்போ என் தப்புதான் போல. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, இடது கையால் என் தோளை ஒரு தடவை தட்டிவிட்டுப் போனார். மூன்றாவது வரிசைக்காரர்கள் பதினொரு பேர் வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள். டேப்லெட்டைத் துடைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.